ஒரு சத முத்திரையின் விலை

2024ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆந் திகதி, நியூயோர்க் நகரிலே சீகல் ஏல நிலையத்தார் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய தபால் முத்திரை விலை கூறப்பட்டது. பெருவிரல் நகத்தினும் சற்றே பெரிதான நீலக் கடதாசித் துண்டு அது. நடுவிலே பெஞ்சமின் பிராங்கிளினின் தலையுருவம். ஒரு சதம் என்ற பெறுமதி. அவற்றின்மீது ஏதோவொரு தபாற்கந்தோர் 1868ஆம் ஆண்டையொட்டிக் குத்திய கறுப்பு மை. ஏலகாரரின் சுத்தியல் விழுந்தபோது அதன் விலை 37 இலட்சம் டொலர். வாங்குபவரிடம் ஏல நிலையத்தார் அறவிடும் நூற்றுக்குப் பதினெட்டு வீதக் கட்டணத்தையும் கூட்டினால் 43 இலட்சத்து 66 ஆயிரம் டொலர். அமெரிக்கத் தனி முத்திரை எதற்கும் அதற்குமுன் ஏலத்தில் இத்தனை விலை கிடைத்ததில்லை. விமானப் படம் தலைகீழாக அச்சான 1918ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முத்திரை ஒன்று, 2023ஆம் ஆண்டு நவம்பரில் ஏறத்தாழ 20 இலட்சம் டொலருக்கு விலைப்பட்டதே அதுவரை முதலிடத்தில் இருந்தது.

பழைமை ஒன்றே இந்த விலைக்குக் காரணம் என எண்ணுவோர் பலர். அது சரியன்று. இதே பிராங்கிளின் தலையுருவம், இதே நீலம், இதே ஒரு சதம் பொறித்த முத்திரைகள் 1861ஆம் ஆண்டு தொடக்கம் கோடிக்கணக்கில் அச்சாகி விற்பனையாயின. பாவித்த முத்திரை என்றால், இன்றும் சில பத்து டொலர்களுக்கு ஒன்றை வாங்கிவிடலாம். இரண்டையும் அருகருகே வைத்து முகப்பைப் பார்ப்பவருக்கு எது நாற்பது டொலர், எது நாற்பது இலட்சம் டொலர் என்று சொல்ல இயலாது. முத்திரையைத் திருப்பி, வெளிச்சத்தைச் சாய்வாக விழச்செய்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்க வேண்டும்.

அவ்வாறு நோக்கினால் கடதாசியிலே நுண்ணிய குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். சேகரிப்போர் இதனைக் ‘கிறில்’ என்பர். சல்லடைத் தழும்பு என்று தமிழிற் கூறலாம். இது வந்த கதை சுவையானது. ஒருமுறை பாவித்த முத்திரையின் மையைக் கழுவிவிட்டு மக்கள் அதனை மறுபடியும் ஒட்டிவிடுவர் என்ற அச்சம் அந்நாளில் அமெரிக்கத் தபாற் பகுதியாரை வாட்டியது. சார்ள்ஸ் ஸ்டீல் என்பவர் 1867ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி ஓர் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். சின்னஞ்சிறு கூர்முனைகள் நிறைந்த உருளையால் முத்திரைத் தாளை அழுத்தினால் கடதாசியின் நார்கள் உடையும்; உடைந்த இடத்தில் தபாற்குறியின் மை ஆழ ஊறும்; பின்னர் எவர் கழுவினாலும் அது போகாது. முதலில் முத்திரை முழுவதையுமே இவ்வாறு அழுத்திப் பார்த்தனர். தாள் நலிந்து, துளைவரிசை வழியே அன்றிக் கண்டபடி கிழிந்தது. ஆகவே தழும்பை முத்திரையின் நடுவே ஒரு சிறு கட்டமாகச் சுருக்கினர். அக்கட்டத்தின் அளவையும் அடிக்கடி மாற்றினர். சில ஆண்டுகளில் அந்த முறையையே கைவிட்டனர்.

அளவு மாறிய ஒவ்வொரு தழும்புக்கும் பிற்காலத்தில் ஓர் எழுத்துப் பெயர் கிடைத்தது. வில்லியம் ஸ்டீவன்சன் என்னும் சேகரிப்பாளர் அவற்றை அளந்து, கால ஒழுங்கில் நிறுத்தி, ஏ, பி, சி என்று வகைப்படுத்தினார். ஒரு தழும்பு மாத்திரம் அந்த ஒழுங்கில் எங்கே அமையும் என்பது அவருக்குத் துலங்கவில்லை. அதற்கு நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய ‘இசட்’ என்பதை இட்டு ஒதுக்கி வைத்தார். மற்றவற்றில் குழிகளின் நுண்முகடுகள் நெடுக்காக ஓட, இதில் அவை குறுக்காக ஓடுகின்றன. அகலம் 11 மில்லிமீற்றர், உயரம் 14 மில்லிமீற்றர் அளவு. இவ்வகைத் தழும்பு வேறு பெறுமதி முத்திரைகளிலும் உண்டு. அவற்றுட் சில ஓரளவு தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு சத முத்திரையில் மட்டும், இன்றுவரை உலகம் அறிந்தவை இரண்டே.

அவ்விரண்டில் ஒன்றுக்கு விலையே இல்லை. பெஞ்சமின் மிலர் என்ற செல்வர் தம் அமெரிக்க முத்திரைத் தொகுதி முழுவதையும் 1925ஆம் ஆண்டு நியூயோர்க் பொது நூல்நிலையத்துக்குக் கொடையாக அளித்தார். அதனுள்ளே அந்த முத்திரையும் சென்றது. எனவே பணம் கொடுத்து வாங்கத்தக்கது மற்றையது ஒன்றுதான்.

அந்த ஒன்று கைமாறிய வரலாறு கவனிக்கத்தக்கது. 1986ஆம் ஆண்டில் கட்டணம் உட்பட 4 இலட்சத்து 18 ஆயிரம் டொலர். 1998ஆம் ஆண்டில் மிஸ்டிக் என்னும் முத்திரை வர்த்தக நிலையத்தார் 9 இலட்சத்து 35 ஆயிரம் டொலர் கொடுத்தனர். 2005ஆம் ஆண்டிலே பணம் பேசவில்லை, பண்டமாற்று நடந்தது. கடன் பத்திர முதலீட்டில் பெரும் பொருள் ஈட்டிய வில்லியம் குரொஸ், அமெரிக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட முத்திரைகள் அனைத்தையும் சேர்க்க முனைந்திருந்தார். இந்த ஒன்றுதான் எஞ்சியது. மிஸ்டிக் நிலையத்தாரோ அதனை விற்க விரைந்தவர்களல்லர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், முன்னே சொன்ன தலைகீழ் விமான முத்திரைகள் நான்கு ஒட்டியபடியே அமைந்த தொகுதியொன்று ஏலத்துக்கு வந்தது. குரொஸின் சார்பில் அது 29 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு வாங்கப்பட்டது. அடுத்த மாதமே அந்த நான்கும் அங்கே சென்றன. இந்த ஒன்று இங்கே வந்தது. ஒரு சத முத்திரையின் பெறுமதி ஏழே ஆண்டில் மும்மடங்குக்கு மேலாகியது. ஆல்பத்தில் ஒரேயொரு வெற்றிடம் மிஞ்சிய மனிதர் ஒருவர் இருந்தாரென்பதன்றி வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஏலத்தின் இரகசியமும் இதுவே. அரிய பொருள் ஒன்றை எவ்வளவு பெரிய செல்வர் விரும்பினாலும், அவர் தனியாக இருந்தால் விலை ஏறாது. எதிரே இன்னொருவர் கையை உயர்த்த வேண்டும். முடிவு விலை என்பது வென்றவர் கொடுக்க எண்ணியிருந்த எல்லையைக் காட்டுவதில்லை. தோற்றவர் எங்கே நின்றார் என்பதையே காட்டுகிறது. நியூயோர்க்கில் ஜே. டபிள்யூ. ஸ்கொட் என்ற முத்திரை வர்த்தகர் 1870ஆம் ஆண்டு அந்நாட்டின் முதல் முத்திரை ஏலத்தை நடத்திய காலந்தொட்டு இந்நியாயம் மாறவில்லை. இதே ஸ்கொட் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு விலைப்பட்டியலின் வழித்தோன்றலாகவே இன்று ஆண்டுதோறும் பருத்த தொகுதிகளாக வெளிவரும் ஸ்கொட் பட்டியல் விளங்குகிறது. அதிலுள்ள எண்களைக் கண்டு மயங்குவது புதியவர்க்கு இயல்பு. அவை நல்ல நிலையிலுள்ள ஒரு முத்திரையை வர்த்தகரிடம் வாங்குவதற்கான மதிப்பீடுகளே; வீட்டிலுள்ளதை விற்கச் செல்பவர் கையில் விழும் பணம் அதனின்று வெகு தூரம் குறையலாம். ஓரத்தில் ஒரு துளைப்பல் குறைந்தாலோ, படம் நடுவில் அமையாது ஒருபக்கம் சாய்ந்தாலோ, ஒட்டு நீக்கிய இடத்தில் கடதாசி மெலிந்தாலோ பட்டியல் விலையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இத்தகைய விலைகள் வஞ்சகரை ஈர்க்காமல் இருக்குமா? பழைய முத்திரையின் பின்புறத்தில் புதிய பசை தடவிப் பாவிக்காததுபோலக் காட்டுதல், வெட்டுண்ட விளிம்பில் மறுபடியும் துளையிடுதல் ஆகியன நெடுங்கால மோசடிகள். மலிவான பிராங்கிளின் முத்திரையை வாங்கிப் போலித் தழும்பை அழுத்துவோரும் உண்டு. மோசடியைத் தடுக்கவென்று அரசாங்கம் இட்ட அடையாளம், மோசடிக்காரருக்கு மிக வாய்ப்பான அடையாளமாகிவிட்டது! ஆதலால் நிபுணர் குழுவொன்றின் அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் பெரிய ஏலம் எதிலும் இவ்வகை முத்திரைக்கு மதிப்பில்லை. நியூயோர்க்கில் 1945ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பிலாற்றலிக் பவுண்டேசன் இத்தகைய சோதனைக்குப் பெயர்பெற்றது. முகடு குறுக்கா நெடுக்கா, குழிகள் எத்தனை, நார் உண்மையில் உடைந்திருக்கிறதா, தபாற்குறி தழும்புக்கு முன்னதா பின்னதா என்றெல்லாம் அங்கே ஆராய்வர். அவர்கள் இடும் ஒரு கையொப்பத்தில் இலட்சக்கணக்கான டொலர் தங்கியிருக்கிறது.

வில்லியம் குரொஸ் முத்திரை சேர்க்கத் தொடங்கியதற்கு ஒரு முன்கதை உண்டு. அவரே அதனைப் பலமுறை கூறியிருக்கிறார். அவருடைய தாயார் தபாற்கந்தோரில் புதிய ஞாபகார்த்த முத்திரைகளை முழுத் தாள்களாக வாங்கிப் பத்திரமாக வைத்தார். மகனுடைய கல்லூரிச் செலவுக்கு அவை உதவும் என்பது அந்த அம்மையாரின் நம்பிக்கை. பல ஆண்டுகள் கழிந்தபின் மகன் அவற்றை வர்த்தகரிடம் கொண்டுசென்றபோது, முத்திரையில் அச்சிட்ட பெறுமதியைக் கொடுக்கவும் எவரும் முன்வரவில்லை. அந்த அம்மையாரைப் போன்றே எண்ணிய இலட்சக்கணக்கானோர் அதே தாள்களை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தனர். அழிந்து போகாத பொருள் எப்படி அரிதாகும்? 1868ஆம் ஆண்டின் முத்திரையை அன்று எவரும் நாளைய செல்வமென்று பேணவில்லை. ஒட்டினர், அனுப்பினர், உறையைக் கிழித்து எறிந்தனர்.

எறியாமல் விட்ட ஒரு கடித உறையின் கதை இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. அமெரிக்க அரசாங்கம் நாடு முழுவதற்குமான முத்திரையை 1847ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான் வெளியிட்டது. அதற்குமுன் சில ஊர்களின் தபாலதிபர்கள் தாமே முத்திரை அச்சிட்டு விற்றனர். அலெக்சாந்திரியா என்னும் ஊரின் தபாலதிபரும் அவ்வாறு செய்தார். பூவடிவங்கள் சூழ்ந்த வட்டத்துள்ளே ஊரின் பெயரும், ஐந்து சதம் செலுத்தப்பட்டது என்ற வாசகமும் கொண்ட எளிய அச்சு. நீலக் கடதாசியில் அச்சான அம்முத்திரை ஒன்றே ஒன்றுதான் இன்று உள்ளது. 1847ஆம் ஆண்டு நவம்பரில், அரச முத்திரை வந்தபின்னரும், ஜேம்ஸ் ஹூவ் என்ற இளைஞர் அதனை ஒரு கடிதத்தில் ஒட்டி, ரிச்மொண்ட் நகரிலிருந்த ஜனெற் பிரவுண் என்ற உறவுப் பெண்ணுக்கு அனுப்பினார். இருவரும் கிறித்தவத்தின் வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் காதலுக்குக் குடும்பத்தார் உடன்படவில்லை. ஆதலால் வழக்கம்போல எரித்துவிடுமாறு அக்கடிதத்திலே ஒரு குறிப்பும் இருந்தது. அப்பெண் எரிக்கவில்லை. 1853ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். கடிதம் தையற்பெட்டி ஒன்றுக்குள் கிடந்து, 1907ஆம் ஆண்டில் அவர்களுடைய மகளின் கண்ணிற்பட்டது. அவ்வாண்டே அது 3,000 டொலருக்கு விலைபோயிற்று. சேகரிப்போர் அதற்கு ‘நீலப் பையன்’ என்று செல்லப் பெயர் வைத்தனர்.

1981ஆம் ஆண்டில் அது 10 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அன்றைய நாளில் செய்தித்தாள்கள் வியந்தெழுதும் தொகை. பின்பு 38 ஆண்டுகள் அது சந்தைக்கு வரவில்லை. 2019ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆந் திகதி நியூயோர்க்கில் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது சுத்தியல் விழுந்ததும் அதே 10 இலட்சம் டொலரிலேதான். கட்டணத்தோடு 11 இலட்சத்து 80 ஆயிரம். 1981ஆம் ஆண்டில் 10 இலட்சம் டொலர் வாங்கிய பொருள்களை 2019ஆம் ஆண்டில் வாங்குவதற்கு 25 இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது.