ஸ்காட்டிஷ் ஏல் பீரும் எங்க ஊர் ராகி மால்ட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம், "டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா போரடிக்காம பேசு" என்றார்கள். தலைப்பைச் சொன்னதும் போனில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு மூத்த அண்ணன் ஒருவர், "காலேஜ் மேடையில பீரைப் பத்தியா?" என்றார். "பீரைப் பத்தி இல்லைங்கண்ணா, மால்ட்டைப் பத்தி" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். இரண்டைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அத்திப்பள்ளி தாண்டுவது என்று அர்த்தம். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 2010-ஐ ஒட்டி அங்கே மைக்ரோப்ரூவரிகள் வர ஆரம்பித்தன. அதாவது, பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே மேஜைக்குக் கொண்டுவரும் சிறிய இடங்கள். அப்படி ஓரிடத்தில் (பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும்) ஸ்காட்டிஷ் ஏல் என்று ஒன்று கிடைத்தது. க்ளாஸ் வந்ததும் கூட இருந்த நண்பன் கேட்ட முதல் கேள்வி, "மச்சி, எத்தனை பர்சன்ட்டுடா?" நம் பக்கத்தில் பீரைப் பற்றிக் கேட்கப்படும் ஒரே கேள்வி அதுதான்.

நான் மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் ராகி மால்ட் வறுக்கும்போது வருகிற அதே வாசனை! நிறம், டிகாஷனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது போலச் செம்பு நிறம். லேசாகக் கருகிய ரொட்டி முதலில், பின்னால் கருப்பட்டி. கசப்பு பேருக்குத்தான் இருந்தது. இனிப்பு உண்டு, ஆனால் சர்க்கரை இனிப்பு இல்லை. ராகி அடையை அவசரப்படாமல் மென்றுகொண்டே இருந்தால் கடைசியில் ஓர் இனிப்பு எட்டிப்பார்க்குமே, அது.

அந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைப்பது அமிலேஸ் என்ற நொதி. அடையை மெல்லும்போது நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் அந்த வேலையைச் செய்கிறது. தானியம் முளைவிடும்போது அதற்குள்ளேயே அமிலேஸ் உற்பத்தியாகிறது. அம்மா ராகியை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, இரண்டு நாள் கழித்து வெள்ளை வால் வந்ததும் வெயிலில் காயவைத்து, வேரைத் தேய்த்து உதிர்த்து, வறுத்து அரைப்பார்களே, அதற்குப் பெயர்தான் மால்ட்டிங். ஸ்காட்லாந்துக்காரன் பார்லியில் செய்வதும் அதுதான். அங்கே குளிர் என்பதால் முளைவிட நாலைந்து நாள் ஆகும். வெயில் இல்லாததால் சூளையில் காயவைக்கிறான். சிறுதானியங்களில் ராகி முளையில் இந்த நொதி நன்றாகவே இருக்கிறது என்பதைத் தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷன் நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டெம்பரிங் செய்யும்போது எஃகு 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300-ல் நீலம் என்று மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மால்ட்டும் அப்படித்தான் நிறத்தை வைத்துத் தன் கதையைச் சொல்லும். 80, 85 டிகிரியில் காயவைத்தால் வெளிர் மால்ட். ஈரத்தோடு சூடாக்கி, உள்ளேயே சர்க்கரையாக்கி, பிறகு வறுத்தால் கிரிஸ்டல் மால்ட். கருப்பட்டி வாசனை அங்கிருந்து வருகிறது. 200-க்கு மேல் போனால் காபிக் கசப்பு.

அதற்குப் பிறகு மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம். எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். 64 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்கும். பீர் ஒல்லியாக, வறண்டு வரும். 69-ல் வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகள் மிஞ்சும். பீர் வாயில் கனமாக நிற்கும். மால்ட் தூக்கலாக வேண்டும் என்றால் மேல் பக்கமே போவார்கள். ஐந்து டிகிரி வித்தியாசம்தான். நம்மில் எத்தனை ஃபர்னஸ் ஐந்து டிகிரிக்குள் நிற்கும் என்று கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன்.

ஸ்காட்லாந்தில் ஹாப்ஸ் கொடி சரியாக விளையாது, தெற்கிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும், அதனால்தான் கசப்பைக் குறைத்தார்கள் என்று சொல்வார்கள். முழுசாக நம்ப வேண்டாம். எடின்பரோவிலிருந்து கசப்பு மிகுந்த பீர் இந்தியாவுக்கே ஏற்றுமதியாகியிருக்கிறது. ஆனால் ஒன்று, அவர்கள் ஏல் வகைகளைப் பீப்பாயின் விலையை வைத்து 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று கூப்பிட்டார்கள். விலை ஏற ஏற மால்ட்டும் ஏறும். தோராயமான கணக்குதான் என்றாலும், க்ளாஸில் என்ன இருக்கிறது என்பதைப் பெயரே கொஞ்சம் சொல்லிவிடும். பெங்களூருக்கும் ஒரு ஸ்காட்லாந்து உறவு உண்டு. தென்னிந்தியாவின் ஐந்து மதுவாலைகளைச் சேர்த்து 1915-ல் யுனைடெட் ப்ரூவரீஸை உண்டாக்கியவர் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

நம் பக்கத்துக் கதை வேறு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டம்தான். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். குடியால் அழிந்த வீடுகளை அவர் பார்த்திருந்தார். இந்தக் கூட்டத்திலும் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

2008 மே மாதத்தில் பெங்களூர், கோலார் பக்கத்திலும் நம் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. பார்வையைப் பறித்து, பிறகு ஆளையே கொல்கிறது. என் போன்ற ரசனைக்காரர்கள் இங்கே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எத்தனை பழகிய நாக்காலும் மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. யார் காய்ச்சியது, எதிலிருந்து, எங்கே சோதித்தது என்ற கேள்விகள் வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே கேட்கப்பட வேண்டும். அந்தக் கூலிக்காரருக்கு அதைக் கேட்க வழி இருந்ததா? படித்துவிட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு, எல்லாம் எழுதித் தொங்கவிட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து "எத்தனை பர்சன்ட்" என்று மட்டும் கேட்கிறோமே, அது எனக்கு உறுத்துகிறது.

தம்பிகளே, தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இந்தப் பேச்சே கிடையாது. அண்ணன்மார்களுக்கு: வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் சட்டம் சொல்லும் எல்லை. சுவை பார்க்கப் போனாலும் சரி, திரும்பி வர பஸ் இருக்கிறது. குடிக்காதவர்கள் எதையும் இழக்கவில்லை. நான் சொன்ன வாசனை முழுக்க மால்ட்டில்தான் இருக்கிறது, போதையில் இல்லை.

அதனால்தான் வாசல் பக்கத்து மேஜையில் மூன்று கிண்ணம் வைத்திருக்கிறேன். மூன்றும் கிருஷ்ணகிரி ராகி, அம்மா முளைகட்டியது. இடது பக்கம் வெயிலில் காய்ந்தது, நடுவில் லேசாக வறுத்தது, வலது பக்கம் நன்றாக வறுத்தது. குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். டீ குடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டு, இருபது எண்ணும்வரை மெல்லுங்கள். நடுக்கிண்ணத்தில் என்ன வாசனை வருகிறது என்று என்னிடம் வந்து சொல்லுங்கள்.