மூன்றே முக்கால் மீட்டர் சாலை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். மாணவர்களைப் பற்றி அல்ல, வண்டி ஓட்டும் நம்மைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஒருநாள் காலை, நேரமாகிவிட்ட அவசரத்தில் காரில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் எங்கள் பிளஸ் 1 மாணவி, அரசு தந்த மிதிவண்டியில். கேரியரில் தம்பி. அவனுடைய பள்ளி வழியில் இருக்கிறது. நான் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். அவள் பதறி மண்ணில் இறங்கினாள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம். இருவரும் விழுந்தார்கள். பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. ஓடிப்போய்த் தூக்கினேன். எழுந்ததும் அவள் சொன்னது: "சாரி சார்."

அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் கணக்கு ஆசிரியன். அன்று மாலை ஒரு கணக்குப் போட்டேன்.

நம் கிராமச் சாலைகள் பலவற்றில் தார் அகலம் 3.75 மீட்டர். என் காரின் அகலம் 1.7 மீட்டர். மிதிவண்டியின் கைப்பிடி ஏறக்குறைய 60 செ.மீ. விளிம்பிலேயே யாரும் ஓட்ட முடியாது, அரை மீட்டராவது உள்ளே வர வேண்டும். நான் வலது ஓரத்தை ஒட்டியே போனாலும் நடுவில் ஒரு மீட்டர்கூட மிஞ்சாது. பேருந்து என்றால் அகலமே 2.5 மீட்டர். ஆக, முந்துவதென்றால் யாராவது ஒருவர் தாரை விட்டு இறங்கியே ஆக வேண்டும். இறங்குவது எப்போதும் குழந்தைதான். பின்னால் ஆள் இருந்தால் வண்டி மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் ஆடும். நாம் ஹாரன் அடித்து மெதுவாக்குவதும் அந்த நேரத்தில்தான்!

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுகிறோம். கால் பிரேக்குக்குப் போகுமுன்பே அவ்வளவு தூரம்.

'டபுள்ஸ் போகாதே' என்று சொல்லிவிடலாம்தான். தம்பியை யார் கொண்டுவிடுவது? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். பிள்ளையை முன்னால் வைத்து, குடத்தைப் பின்னால் கட்டிப் போனார்கள் அந்தப் பெண்கள். அந்த வண்டி ஆடம்பரமல்ல, அதுதான் அவர்களுக்குப் போக்குவரத்து.

இப்போது நான் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன். மிதிவண்டியைக் கண்டால் ஹாரனைத் தொடுவதில்லை; அகலமான இடம் வரும்வரை பின்னாலேயே போகிறேன். பள்ளி வேன் ஓட்டுநரிடமும் பேசினேன். முதலில் சிரித்தார். அவர் மகளும் சைக்கிளில்தான் போகிறாள் என்பது பேச்சில் வந்தது. பிறகு சிரிக்கவில்லை.

பள்ளியில் வாரம் ஒருமுறை பிரேக் கட்டைகளைப் பார்க்கிறோம். பின்னால் உட்காரும் சின்னப் பிள்ளைகளின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போகாமல் தடுப்பும், கால் வைக்க இடமும் பொருத்தச் சொல்கிறோம்.

அந்த மாணவி இன்னமும் என் காரின் சத்தம் கேட்டால் மண்ணில் இறங்கிவிடுகிறாள்.