உளவாளியும் சங்கக் கணக்கும்

(கேலாங்கில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ஈஸ்ட்' என்னும் ஆங்கிலப் படத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். பெருங்கம்பெனிகளை எதிர்க்கும் தீவிரக் குழுவுக்குள், தனியார் உளவு நிறுவனம் ஒன்று ஒரு பெண்ணை வேடமிட்டு அனுப்புகிறது. போனவள் மனம் மாறித் தவிக்கிறாள். விறுவிறுப்பான கதைதான். ஆனால் நாம் கூடியிருக்கும் இதே சிங்கப்பூரில் நடந்த கதைக்குமுன் அது பிள்ளை விளையாட்டு!

லாய் தெக் என்பவனைச் சொல்கிறோம். வியட்நாமில் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னவன். 1930-களில் பிரிட்டிஷ் போலீசார் அவனைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் நுழைத்தனர். 1939-இல் அவனே அதன் பொதுச்செயலாளன்! 1942-இல் ஜப்பானியர் பிடித்தனர், அவர்களுக்கும் ஒற்றனானான். அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், பத்துமலை அருகே கூடிய கட்சித் தலைவர்களையும் கெரில்லாப் படையினரையும் ஜப்பானியர் வளைத்துச் சுட்டனர். வரவேண்டிய லாய் தெக் வரவில்லை, கார் பழுதாகிவிட்டதாம்! 1947 மார்ச்சில் குட்டு வெளிப்படும் வேளையில் கட்சிப் பணத்தோடு ஓடினான். அவ்வாண்டே பாங்காக்கில் கொல்லப்பட்டான்.

இத்தனை ஆண்டுகள் அவன் நிலைத்தது எப்படி? உலக இயக்கம் அனுப்பிய ஆள் என்று பெயர் பண்ணியிருந்தான். ஆகவே கேள்வி கேட்பாரில்லை. இரகசியக் கட்சி, தொடர்பும் பணமும் அவன் கையில். ஜப்பானியரை எதிர்த்து நின்ற வீரர்கள் அந்த நம்பிக்கைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தனர்.

இங்கிலாந்திலும் மார்க் கென்னடி என்ற போலீஸ்காரர் 2003 முதல் 2010 வரை வேறு பெயரில் சுற்றுச்சூழல் போராட்டக்காரரிடையே வாழ்ந்தார். இத்தகைய ஒற்றர்கள் காதல் சொல்லி ஏமாற்றிய பெண்களிடம் இலண்டன் போலீஸ் 2015-இல் மன்னிப்புக் கேட்டது.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரையெல்லாம் சந்தேகிப்பதா? கூடவே கூடாது! சந்தேகம் புகுந்த சங்கம் தானே இற்றுப்போகும்; உளவாளிக்கு வேலையே மிச்சம்.

பாலில் தண்ணீர் கலந்தால் ஸ்டோரில் அளக்கும் மானி காட்டிக் கொடுக்கும். சங்கத்துக்கும் ஒரு மானி உண்டு. திறந்த கணக்கு, எழுதிய தீர்மானம், அங்கத்தினர் வாக்களித்துத் தேர்ந்த நிர்வாகம். இவை இருக்குமிடத்தில் ஒற்றன் எதைத் திருடுவான்? வெளிச்சத்தில் செய்யும் வேலைக்கு உளவு எதற்கு?

"என்னைக் கேள்வி கேட்காதே" என்று எவர் சொன்னாலும், நம் முதல் கேள்வி அவருக்கே! இங்கே பேசும் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.