வழிகாட்டியின் வழி

பிளஸ் டூ முடித்த பிள்ளையை, "உனக்கு ஏற்ற தொழில் எது?" என்று துளைத்தெடுக்கிறோம். ஒரு தேர்வு எழுதினால் விடை கிடைத்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு.

தொழில் வழிகாட்டுதலின் முன்னோடி, அமெரிக்காவின் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் இதற்கென்றே ஒரு நிலையம் திறந்தார். உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். இதுதான் அவர் முறை.

அவர் வந்த பாதையைக் கேளுங்கள். படித்தது சிவில் என்ஜினீயரிங். ரயில்வேயில் பொறியாளர், அது கைவிட்டுப் போக, இரும்பாலையில் கூலி வேலை. பிறகு பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர். 1895இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். நிலையத்தைத் தொடங்கியபோது வயது 53. அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்; இந்த முறையை விளக்கும் அவருடைய நூல் 1909இல்தான் வெளிவந்தது.

இப்படிப்பட்டவர் 17 வயதில் ஒரு தேர்வு எழுதியிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? வேலையில் இறங்கிய பிறகுதானே நம்மைப் பற்றிப் பாதி தெரிகிறது! துறை மாறுகிறவரைத் தோற்றவராகப் பேசும் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கின்றன.

ஒன்றில் பார்சன்ஸ் உறுதியாக இருந்தார். ஆலோசகர் உடனிருந்து உதவலாம். முடிவு அந்த இளைஞருடையது.