யார் சொன்ன வார்த்தை?

(உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் இப்போது குடும்ப வரலாறு எழுதி வருகிறார்கள். கைக்குக் கிடைப்பதையெல்லாம் ஆவலோடு படிக்கிறேன். தாத்தா, பாட்டி வாய்திறந்து பேசும் இடங்கள்தான் அவற்றுக்கு உயிர். குறிகள் காணாமல் போவதும் அங்கேதான்.

ஓர் உதாரணம்:

பாட்டி என் தம்பிதான் கடனை அடைத்தான் என்று சொன்னாள்.

யாருடைய தம்பி? எழுதுபவரின் தம்பியா, பாட்டியின் தம்பியா? நேரில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்தில் குரல் ஏது? நாளைக்குப் புனேயிலோ தில்லியிலோ ஒரு பேரன் படிக்கும்போது, பாட்டியின் தம்பி செய்த உபகாரம் வேறொருவர் கணக்கில் ஏறிவிடும்.

பாட்டி, "என் தம்பிதான் கடனை அடைத்தான்" என்றாள்.

இப்போது சந்தேகமே இல்லை.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்கமாட்டார்கள். காற்புள்ளியும் மேற்கோள் குறியும் ஐரோப்பியர் வழியாக வந்து அச்சில் நிலைத்தவை. நமக்கு 'என்று' இருக்கிறதே, குறி எதற்கு என்று கேட்கலாம். பேச்சு எங்கே முடிந்தது என்பதை 'என்று' காட்டும். எங்கே தொடங்கிற்று என்பதைக் காட்டாது.

மற்றவை சுலபம். பேச்சு கேள்வியானால் கேள்விக்குறி மேற்கோளுக்கு உள்ளே: "எப்போ வந்தேள்?" என்று கேட்டார் அப்பா. பின்னால் 'என்றார்' வந்தால் பேச்சின் கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம். வாக்கியம் இன்னும் முடியவில்லையே. ஆள் மாறினால் புதிய பத்தி. (தயவுசெய்து 'வந்தேள்' என்பதை 'வந்தீர்கள்' என்று திருத்திவிடாதீர்கள்! கதை சொல்லும் நடை பொதுத் தமிழாக இருக்கட்டும். குறிக்குள் அவர் பேசியபடியே இருக்கட்டும்.)

உ.வே.சா. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை, 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்' நூலில் கேள்வியும் பதிலுமாக எழுதியிருக்கிறார். யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று ஓரிடத்திலும் தடுமாற்றம் வராது. எழுத உட்காருமுன் அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

நினைவில் இல்லாத வார்த்தைகளை ஜோடித்து மேற்கோளுக்குள் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாரம் மட்டும் நினைவிருந்தால், குறியே இல்லாமல், தன் தம்பி கடனை அடைத்ததாகப் பாட்டி சொன்னாள் என்று எழுதிவிடலாம். அங்கே 'தன்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.