சங்கம் என்ற பேரில்
(தைப்பிங் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குண்டர் கும்பல் ஒரு தொழிலுக்குள் எப்படி நுழைகிறது என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறோம். சம்பளத்தையும் போனஸையும் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு. நாம் சொல்லப் போகும் இரண்டு இடங்களிலும் கும்பல் கத்தியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சங்கம் என்ற பேரைப் போர்த்திக்கொண்டு வந்தது. சந்தாவும் வாங்கிற்று.

முதல் இடம் தூரத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருகிறோமே, நம் ஏரிப் பூங்கா, அது ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பம். இந்த ஊருக்கே அன்று தைப்பிங் என்று பெயர் கிடையாது. கிளியான் பாவ் என்றார்கள். லாருட் வட்டாரத்தில் லோங் ஜஃபாரும் அவர் மகன் ஙா இப்ராஹிமும் ஈயத்துக்கு வரி வாங்கி ஆண்ட காலம். மாத்தாங்கில் ஙா இப்ராஹிமின் கோட்டை இன்றும் நிற்கிறது.

லம்பத்தில் மண் சுமந்தவர்கள் சீனாவிலிருந்து வந்த கூலிகள். கப்பல் கூலி கடன். அந்தக் கடன் தீரும்வரை உழைப்பு அடைமானம். அரிசி, எண்ணெய், அபின் எல்லாம் முதலாளியின் கடையில், முதலாளி சொன்ன விலையில் பற்று. கணக்குத் தீர்ப்பது ஆண்டுக் கடைசியில். கள்ளுக்கடையும் பற்றுக் கடையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூலிக்கு இந்த மண்ணில் உற்றார் இல்லை, உறவினர் இல்லை. காய்ச்சலில் விழுந்தால் கஞ்சி ஊற்றவும், செத்தால் எடுத்துப் போடவும் ஆள் வேண்டுமே! அந்த ஆளாக இருந்தது ரகசியச் சங்கம். கிளியான் பாவில் ஹாய் சான், இன்று கமுண்டிங் என்கிற கிளியான் பாருவில் கீ ஹின். உதவி செய்ததை நாம் மறைக்கக் கூடாது. உதவி இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கானவர்கள் சத்தியம் செய்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

கோளாறு எங்கே என்றால், ஹாய் சானின் தலைவர் சுங் கெங் குயீ. பெரிய லம்பங்களின் முதலாளியும் அவரே. முதலாளியின் மேல் குறை உள்ள கூலி யாரிடம் போய் முறையிடுவான்? சங்கத்திடம். சங்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? அதே முதலாளி! சந்தா கூலியுடையது, சாவி தவுக்கேயுடையது. இந்த ஒரு முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது.

அதன்பின் சண்டைகள். 1861-ல் லம்பத்துத் தண்ணீர் வாய்க்காலுக்காக. 1865-ல் சூதாட்டத் தகராறு. 1872-ல் ஒரு பெண் விவகாரம் என்றார்கள். மறு ஆண்டு மறுபடியும். சாக்குகள் அற்பமானவை, அடியில் கிடந்தது ஈய நிலம். வெட்டுண்டு மடிந்தவர்களில் பெரும்பாலோர் கடன் தீராத கூலிகள். நம்மவர் ஒதுங்கி நின்றார்கள் என்றும் பெருமைப்பட முடியாது. 1867 ஆகஸ்டில் பினாங்கு நகரம் கலவரத்தில் எரிந்தபோது, சீனச் சங்கங்களோடு தோள் சேர்ந்து நின்ற வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிக் கூட்டங்களில் மலாய்க்காரரும் இருந்தனர், தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர்.

1874 ஜனவரி 20-ல் பங்கோர் உடன்படிக்கை. ஆங்கிலேயர் நுழைந்தனர். ஊருக்குப் பேரமைதி என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது. தண்டனை யாருக்கு என்கிறீர்களா? 1877-ல் பேராக் அரசாங்க சபை அமைந்தபோது, ஹாய் சான் தலைவர் சுங் கெங் குயீயும் கீ ஹின் தலைவர் சின் ஆ யாமும் அதில் அங்கத்தினர்களாக உட்கார்ந்தனர். அபின், சூதாட்ட வரிகளைக் குத்தகைக்கு விட்டுச் சர்க்கார் பணம் பார்த்தது. கூலியின் கடன் கூலியிடமே இருந்தது.

நிற்க. ஈயம் விலையுள்ள பொருள், அதற்காக வெட்டிக்கொண்டார்கள், அது போன நூற்றாண்டுகளின் கதை என்று யாராவது சொல்லக்கூடும். யாருக்கும் வேண்டாத குப்பையிலும் இதே முடிச்சு விழுந்திருக்கிறது. அதுதான் இரண்டாவது இடம், அமெரிக்காவின் நியூயார்க்.

அங்கே 1950-களின் நடுவில் கடைகளின் குப்பையை அள்ளும் பொறுப்பை நகராட்சி கைகழுவிவிட்டது. தனியார் லோரிகள் வந்தன. ஒரு லோரியும் இரண்டு அண்ணன் தம்பியும் இருந்தால் போதும், தொழில் நடத்தலாம். ஆகவே போட்டி அதிகம், லாபம் குறைவு. ஆனால் குப்பை காத்திருக்காது. மூன்று நாள் அள்ளாவிட்டால் சாப்பாட்டுக் கடைக்காரன் கடையைச் சாத்த வேண்டியதுதான். இதைக் கும்பல் கண்டுகொண்டது. லோரி முதலாளிகளின் சங்கத்தைக் கைப்பற்றி, இந்தக் கடை இன்னாருக்கு என்று பங்கு பிரித்தது. கடைக்காரன் வேறு லோரியைக் கூப்பிட்டால் எவனும் வர மாட்டான். விலை அவர்கள் சொன்னதுதான்.

பங்கை மீறி ஒருவன் வந்தால்? இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டும், தோழர்களே. அவனை மடக்க ஒரு தொழிற்சங்கம் இருந்தது. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் 813-ஆம் கிளை. மறியல் என்பது தொழிலாளி பட்டினி கிடந்து சம்பாதித்த ஆயுதம். அதைச் சம்பளத்துக்காக எடுக்காமல், கும்பலின் பங்கைக் காக்க எடுத்தார்கள். 1957-ல் மெக்லெல்லன் தலைமையில் செனட் குழு விசாரித்தது. முதலாளி சங்கத்தை ஆட்டிவைத்த ஸ்குவில்லான்டே என்பவரின் பெயர் அதில் அடிபட்டது. 1960-ல் அந்த ஆசாமியே காணாமல் போனார். ஆனால் முறை போகவில்லை. ஒரு துப்பறியும் போலீஸ்காரர் குப்பைக் கம்பெனி ஆளாக வேடமிட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்து, 1995-ல்தான் வழக்குப் பாய்ந்தது. மறு ஆண்டு நகராட்சி இதற்கென்றே ஒரு கமிஷன் அமைத்த பிறகு கட்டணங்கள் இறங்கின. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்!

இப்போது நம் வாசலுக்கு வருவோம். கங்காணிக்கு ஆள் ஒன்றுக்குத் தலைக்காசு கொடுத்த காலத்தை நம் தாத்தாமார் கண்டார்கள். இன்று கங்காணி இல்லை, ஒப்பந்தக்காரர் இருக்கிறார். நம் கிளைக்கு உட்பட்ட ஒரு தோட்டத்தில் மரம் வெட்ட வெளிநாட்டிலிருந்து முப்பது பேரை ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். ஏஜெண்டுக்குப் பட்ட கடன் அவர்கள் தலையில். பாஸ்போர்ட்டுகள் அவருடைய பீரோவில். பிறர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்கும் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் அவரே நம்மைத் தேடி வந்தார். மரியாதையாகப் பேசினார். "முப்பது பேருடைய சந்தாவையும் மாதாமாதம் மொத்தமாக நானே கட்டிவிடுகிறேன். தனித்தனியாக அவர்களிடம் போய்த் தொல்லைப்பட வேண்டாம், கிராணி ஐயா" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். செயற்குழுவில் இரண்டு இரவு வாதம் நடந்தது. கிளையில் பணமில்லை. இளைஞர்கள் தோட்டத்தை விட்டுப் போய் அங்கத்தினர் தொகை தேய்ந்துகொண்டே வருகிறது. முப்பது பெயர் ஏறினால் நிர்வாகத்திடம் பேசும்போது குரல் ஓங்கும். நல்லவர்களே அப்படிச் சொன்னார்கள். நமக்குமே அரை மனது இருந்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வேண்டாம் என்று தீர்மானமாயிற்று.

அன்று முதல் சம்பள நாளில் மாலை ஐந்து மணிக்கு, பால் ஸ்டோருக்கு எதிரே மேசை போட்டு உட்காருகிறோம். அவர்களில் ஒன்பது பேர் தாங்களே வந்து, தங்கள் கைக்காசைக் கொடுத்து, ரசீது வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவர் கணக்குப் புத்தகத்தைத் திருப்பித் தன் பெயர் எங்கே என்று விரல் வைத்துப் பார்த்தார். மற்ற இருபத்தொரு பேர் இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட் விஷயமாகப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. அடுத்த சம்பள நாளிலும் மேசை அதே இடத்தில் இருக்கும். அவர்கள் பாஷை கொஞ்சம் தெரிந்தவர்கள் யாராவது இரண்டு பேர் உடன் வந்து உட்கார்ந்தால் உதவியாக இருக்கும்.