பாடு போலப் புத்தகமும்

(பழவேற்காடு மீனவர் கூட்டத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி பேசியது)



ஷிப்டுக்குப் போகுமுன் தினம் அரை மணி நேரம் படிப்பது என் வழக்கம். இப்பொழுது படிப்பது, தகழி சிவசங்கரன் பிள்ளை 1956-ல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழில் தந்த ‘செம்மீன்’. அதில் செம்பன்குஞ்சு என்ற மீனவன் கடன்பட்டு வள்ளமும் வலையும் வாங்குகிறான். வாங்கியதும் கடன் கொடுத்தவனையே மறக்கிறான். சொத்தாசை மனிதனை என்ன செய்யும் என்பதை உங்கள் கடற்கரை வாழ்க்கையைக் கொண்டே அந்தக் கதை காட்டுகிறது.

“உழைக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்கிறீர்கள். 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் யார்? மீனவர் குலத்தில் பிறந்தவர்! ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்துப் படித்தவர். படித்ததையெல்லாம் தொழிலாளிக்கே எடுத்துச் சொன்னார்.

எழுத்தறியாதவன் முன்பணக் கணக்கில் கைநாட்டு வைக்கிறான். அதில் எழுதியிருப்பது என்ன? எழுதியவனுக்குத்தான் தெரியும். ஆலையிலும் வயலிலும் இதே கதைதான்.

ஏரியில் முறை வைத்துப் பாடு பிரித்துக்கொள்பவர்கள் நீங்கள். புத்தகத்துக்கும் அப்படியே முறை வையுங்கள். சங்கத்தின் பேரில் ஒன்று வாங்குங்கள். அது வீட்டுக்கு வீடு போகட்டும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர் வலையைச் சீர்செய்தபடியே கேட்கட்டும். அடுத்த முறை நான் வரும்போது, கேட்டவரே படித்துக் காட்டவேண்டும்!